பச்சை போட்டாச்சு, தண்ணி எங்கே?

கொஞ்சக் காலத்துக்கு முதல் ஒரு கிணறு புனரமைப்புத் திட்டத்துக்கு டாஷ்போர்ட் செய்து தரச்சொல்லி எங்களிடம் கேட்டார்கள். சம்பளம் இல்லை. ஆனாலும் வேலை பழகலாம் என்று ஒத்துக்கொண்டோம். களத்தில் நிற்கிறவர்கள் போனில் படிவத்தை நிரப்புவார்கள், அது கூகுள் ஷீட்டுக்கு வரும், அதிலிருந்து லுக்கர் ஸ்டூடியோவில் வரைபடங்கள் தானாக மாறும். கொழும்பில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே பக்கத்தில் எல்லாம் தெரியும். வரைபடத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வட்டம். வேலை முடிந்தால் பச்சை. கடைசியில் எல்லாமே பச்சையாகிவிட்டது. எங்களுக்கும் பெருமைதான்.

பூநகரிப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் அதைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினோம். பின்னுக்கு இருந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: "தம்பியவை, கோயிலடியில கிடக்கிற அந்தப் பச்சை எங்கட கிணறுதானே? அது உவர்த் தண்ணி. நாங்கள் இப்பவும் பவுசரைத்தானே பார்த்துக்கொண்டு நிக்கிறம்."

ஒருவரும் பொய் சொல்லவில்லை. கிணறு இறைத்துத் துப்புரவாக்கியதா, கட்டு கட்டியதா என்று படிவம் கேட்டது. இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தது. அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா என்று படிவம் கேட்கவே இல்லை. படிவத்தைத் தயாரித்ததில் எங்களுக்கும் பங்கு இருந்தது.

திட்ட வேலை செய்கிறவர்கள் இப்படியானதை வத்தகப்பழத் திட்டம் என்பார்கள். வெளியில் பச்சை, வெட்டிப் பார்த்தால் சிவப்பு. இதைச் சொல்லிச் சிரிப்பது லேசு. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்பதுதான் கஷ்டம்.

இதற்குக் காரணம் மென்பொருள் இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. டாஷ்போர்ட் யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதில்தான் பிழை இருக்கிறது. எங்கட திட்ட மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. காசு தருகிறவர்கள், திணைக்களங்கள், செயற்படுத்தும் நிறுவனங்கள் எல்லாம் 'பங்குதாரர்கள்'. கிணற்றில் தண்ணி அள்ளுகிற அம்மா 'பயனாளி'. அறிக்கை போவது முதலாவது ஆட்களுக்கு. இரண்டாவது ஆள் அந்த அறிக்கையில் ஒரு எண்ணிக்கை மட்டும்தான். அந்தக் கிணறு சரிவராவிட்டால் உண்மையில் இழப்பது யார்? அவர்தானே. அப்படியென்றால் முதல் பங்குதாரரும் அவர்தான்.

நாற்பது பக்க அறிக்கையை யார் வாசிப்பார்கள், ஒரு படம் போதாதா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. நாங்களும் படத்தின் பக்கம்தான். ஆனால் படம் எதை மறைக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேணும்.

முதலாவது, செய்த வேலையையும் கிடைத்த பலனையும் ஒரே நிறத்தில் போடக்கூடாது. 'கிணறு கட்டி முடிந்தது' ஒரு விசயம், 'வீட்டார் அதில் குடிக்க அள்ளுகிறார்கள்' வேறு விசயம். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேணும். அதுபோல, செலவழிந்த காசின் வீதமும் முடிந்த வேலையின் வீதமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேணும். காசு முக்கால்வாசி போய், வேலை கால்வாசியில் நின்றால் அது உடனே கண்ணில் படும்.

இரண்டாவது, கூட்டிக்கொண்டே போகிற கோட்டு வரைபடத்தை மட்டும் நம்பக்கூடாது. மொத்த எண்ணிக்கை ஒருநாளும் கீழே இறங்காது. மூன்று மாதம் வேலையே நடக்காவிட்டாலும் கோடு உயரத்தில்தான் நிற்கும். மாதத்துக்கு மாதம் எவ்வளவு நடந்தது என்று தனிச் சட்டங்களாகப் போட்டால்தான் வேலை நின்றது தெரியும்.

மூன்றாவது, அளந்த திகதி. வடக்கில் மாரி முடிந்த கையோடு, தை மாதத்தில் எட்டிப் பார்த்தால் அநேகமான கிணறுகளில் தண்ணி நிற்கும். ஆவணி, புரட்டாதியில் போய்ப் பார்க்க வேணும். திகதி இல்லாத பச்சை வட்டத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

இன்னொரு சின்ன விசயம். நிறத்தை மட்டும் வைத்து நிலைமையைச் சொல்லாதீர்கள். கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்தால் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல். சிலருக்குக் கண்ணிலும் அந்த இரண்டு நிறமும் பிரிந்து தெரியாது. 'முடிந்தது', 'சிக்கல்' என்று பக்கத்தில் எழுதிவிட்டால் போச்சு.

இவ்வளவும் செய்தாலும், சிவப்புக்குத் தண்டனை இருக்கும் மட்டும் ஒன்றும் மாறாது. சிவப்பு போட்டால் அடுத்த தவணைக் காசு நிற்கும், தன்ர வேலையும் போகும் என்று பயப்படுகிற கள உத்தியோகத்தர் பச்சைதான் போடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நிதி தருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: சிவப்பைக் கண்டால் முதலில் 'என்ன உதவி வேணும்' என்று கேளுங்கள்.

அடுத்தது, டாஷ்போர்ட் ஊருக்கும் வர வேணும். இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஆசை இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கும் மேற்பட்ட அரச திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அமைச்சர் தகவல் சொல்ல வேணும் என்கிறது அது. தொடங்க முதலே சொல்ல வேணுமென்றால், நடக்கும்போது காட்டுவதில் என்ன தயக்கம்? அந்தக் கடமை அரசுக்குத்தான், தனியார் தொண்டு நிறுவனத்துக்கு இல்லை என்று சிலர் சொல்லலாம். சட்டக் கடமை இல்லாவிட்டால் என்ன, மரியாதை என்று ஒன்று இருக்குதானே.

அதற்கு இன்டர்நெட்டும் தேவையில்லை. மாதம் ஒரு தாள். கிணற்றின் பெயர், வேலை முடிந்ததா, குடிக்கலாமா, பார்த்த திகதி, எவ்வளவு காசு. மாதர் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டினால் போதும். பிழை இருந்தால் ஊர் ஆட்களே பேனையால் திருத்துவார்கள். அதைவிட நல்ல தரவுச் சரிபார்ப்பு எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம். தண்ணியைக் குடிக்கிறீர்களா? இல்லையென்றால் ஏன்? திரும்பப் போய்க் கேட்டு வந்தபோது பச்சை வட்டங்களில் சில மஞ்சளாகின, சில சிவப்பாகின. அடுத்த கூட்டத்தில் காட்டும்போது எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாரும் தண்ணியைப் பற்றிக் கதைச்சார்கள்.