ஷிப்ட்டுக்கு வராத பஸ்

ஷூ கம்பெனியில் வேலை கேட்டுப் போகிற பெண், சம்பளம் எவ்வளவு என்று கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்பார்: "எங்க ஊருக்கு வண்டி வருமா?" வரும் என்றால் வேலைக்குச் சேருவார். வராது என்றால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் யோசிப்பார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் யார் எங்கே வேலை பார்ப்பது என்பதைக் கம்பெனி வேன் போகும் தடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பேரணாம்பட்டு சாலையில் விடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கிராமத்து முனைகளில் பெண்கள் கூடிவிடுவார்கள். தலையில் மல்லிகை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. நிழற்குடை இருக்கும் இடங்கள் குறைவு. புளிய மரமோ டீக்கடை வாசலோதான் நிறுத்தம். வண்டியைத் தவறவிட்டவர் ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாவது போய்ச் சேரப் பார்க்கிறார். கேட் மூடிவிட்டால் அன்றைய சம்பளத்தில் கை வைத்துவிடுவார்களே என்ற பயம்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் பெண்களுக்கு அரசு டவுன் பஸ் இலவசம். 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் பிறகு 'விடியல் பயணம்' என்று பெயர் பெற்றது. ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. 2022-ல் அமைச்சராக இருந்த பொன்முடி இதை 'ஓசி' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய பேச்சுதான். பெண்கள் கட்டும் வரியிலும் அவர்கள் தைக்கும் ஷூவின் ஏற்றுமதியிலும் ஓடும் பஸ், யாருக்கும் ஓசி இல்லை. ஆனால் டிக்கெட்டை இலவசமாக்கிய அரசு, அட்டவணையில் கை வைக்கவில்லை. கம்பெனி கேட் திறக்கும் நேரத்துக்கும் பஸ் வரும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் இலவசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓ.டி. பார்த்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவருக்கு அந்தக் கேள்வி இன்னும் உறைக்கும்.

கம்பெனி வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசு ஓட்டாத இடத்தில் முதலாளி ஓட்டுகிறார். ஆனால் அந்த வண்டிக்கு ஒரு விலை உண்டு. ஓ.டி. வேண்டாம் என்று சொல்ல முடியாது, வண்டி ஓ.டி. முடிந்துதான் கிளம்பும். மத்தியானம் காய்ச்சல் வந்தால் வீடு போய்ச் சேர வழி தேட வேண்டும். பக்கத்துக் கம்பெனியில் நல்ல சூப்பர்வைசர் என்று கேள்விப்பட்டாலும் மாற முடியாது, அந்த வண்டி இவர் ஊருக்கு வராது. மலேசியாவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. பினாங்கில் 1972-ல் பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் தொடங்கியபின், கிராமங்களிலிருந்து இளம்பெண்களை எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு அள்ளிச் சென்றவை தொழிற்சாலை பஸ்கள்தாம். இன்று கோலாலம்பூரில் 50 ரிங்கிட்டுக்கு ஒரு மாத பாஸ். ரயிலுக்கும் அதுதான், ரயிலடிக்குக் கொண்டுபோய் விடும் இணைப்பு பஸ்ஸுக்கும் அதுதான். அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ரயிலும் பஸ்ஸும் ஒன்றையொன்று தெரிந்து ஓட வேண்டும் என்ற எண்ணமாவது இருக்கிறது.

நம்மிடம் ரயில் இல்லையா என்றால், நம்மிடம்தான் முதலில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோட்டில் வந்து நின்றது. பிறகு அந்தப் பாதை குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. கொரோனாவுக்குப் பின் சாதாரண ரயிலின் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கி, 2024 பிப்ரவரியில்தான் பழையபடி இறக்கினார்கள். கட்டணம் இறங்கினாலும் ஸ்டேஷனில் இறங்கியவர் கம்பெனிக்குப் போக மறுபடி ஷேர் ஆட்டோதான். ரயிலுக்குள்ளாவது நிம்மதி உண்டா? 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி இன்டர்சிட்டியின் மகளிர் பெட்டியில், ஜோலார்பேட்டையைத் தாண்டித் தனியாக இருந்த கர்ப்பிணி ஒருவரை ஒருவன் தாக்கி, கே.வி.குப்பம் அருகே கீழே தள்ளினான். அவர் வயிற்றிலிருந்த சிசு இறந்தது. திருப்பத்தூர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அவனுக்குச் சாகும்வரை சிறை விதித்தது. தீர்ப்பு சரி. மகளிர் பெட்டிக்குக் காவலர் எங்கே?

போக்குவரத்து இல்லாதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கிறார்கள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். தடித்த தோலில் ஊசியை ஏற்றி, மெழுகு நூலை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து இறுக்க வேண்டும். விரல் காய்த்துவிடும், தோள்பட்டை விட்டுப்போகும். ஜோடிக்குக் கிடைப்பது சில ரூபாய். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. ஐரோப்பியக் கடைகளில் 'கைத்தையல்' என்று கூடுதல் விலைக்குப் போகும் ஷூவில் இந்தத் திண்ணைகளின் உழைப்பும் இருக்கிறது. குழந்தை, மாமியார், வீட்டுக் கட்டுப்பாடு என்று வீட்டிலேயே இருப்பதற்குக் காரணம் பல. ஆனால் நேரத்துக்கு ஒரு பஸ் இருந்தால் இவர்களில் சிலராவது கேட்டுக்குள் போய் இ.எஸ்.ஐ. அட்டை வாங்கியிருப்பார்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் போய்விடுமோ என்று தொழில் அலறியது. ஆர்டர் குறைந்தால் கம்பெனி கணக்குப் பார்த்து நிறுத்தும் செலவுகளில் தொலைதூர வேனும் ஒன்றாகத்தான் இருக்கும். அப்போது வேலை இருந்தும் போக வழியில்லாமல் நிற்பவர்கள், கடைக்கோடி கிராமத்துப் பெண்கள். 2025 ஜூனில் தொடங்கிய மினி பஸ் திட்டம் கைகொடுக்கும் என்பார்கள். அது தனியார் வண்டி. அதில் பெண்களும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கலும் உண்டு. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றானபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே தங்கின. பேரணாம்பட்டில் ஏறி ஆம்பூரில் இறங்குகிறவரின் மனு எந்த ஆட்சியர் மேஜைக்கு? நல்லவேளையாகப் பஸ்ஸை ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரே விழுப்புரம் கோட்டம். மூன்று ஆட்சியர்களும் கம்பெனிகளிடம் ஷிப்ட் நேரத்தை எழுதி வாங்கிக் கோட்டத்திடம் கொடுத்தால் போதும். காலையில் இரண்டு டிரிப்பை முன்னே தள்ளவும் இரவு ஒன்றைப் பின்னே தள்ளவும் புதிய பஸ் தேவையில்லை.

இந்த வேலைக்கு அவசரம் இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ காலணித் தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்: 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை. அதே ஊரின் சிப்காட் தொழில் பூங்காவில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடியில் கார் தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நிலம், தண்ணீர், மின்சாரம், மானியம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி முடிக்கிற அரசு, இனி போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் பஸ் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும்.