வேருக்குள் விரோதி

ஏழாயிரம்பண்ணையைப் போன்ற வானம் பார்த்த கரிசற் சீமையில், குடத்து நீரை மிச்சம் பிடித்து வளர்க்கும் பின்கட்டுத் தக்காளிச் செடியின் அருமை ஆற்றங்கரைவாசிகளுக்கு எளிதில் விளங்காது. அத்தகைய செடி நண்பகலில் வாடி, இலை வெளிறி, நாளுக்கு நாள் குன்றுகிறது. நீர் போதவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றுகிறோம். எருப் போதவில்லை என்று இன்னொரு கூடை இடுகிறோம். பிடுங்கிப் பார்த்தால் அல்லவா உண்மை தெரிகிறது! வேரெங்கும் மணி மணியாக முடிச்சுக்கள். கண்ணுக்குப் புலப்படாத நூற்புழு வேருக்குள் குடியேறி, செடியின் உணவை வழிமறித்துக்கொள்கிறது. மணற்பாங்கான மண்ணே அதற்கு உவப்பு. ஆயினும் வாங்கி வரும் நாற்றோடும் தொட்டி மண்ணோடும் அது எந்த வீட்டுக்கும் வந்துவிடக்கூடும். அழகுக்கு வளர்க்கும் புல்தரையையும் இந்த இனம் விடுவதில்லை.

நூற்புழுவில் இன்னொரு வகையால் நீலகிரி பட்ட பாடு பெரிது. 1961-ஆம் ஆண்டில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, உதகையில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் பொன்னிறக் கூட்டுப் புழுவைக் கண்டறிந்தார். ஒவ்வொரு கூட்டிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். கிழங்கே பயிரிடாவிட்டாலும் அவை பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். அதனால் நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகத் தடை ஏற்பட்டது.

விஷ மருந்து இட்டுக் கொன்றால் என்ன என்று கேட்கலாம். டி.பி.சி.பி. என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிற்சாலையில், ஆடவர் பலர் பிள்ளைப்பேறு இழந்த செய்தி 1977-இல் வெளியாயிற்று. வெடிமருந்தைக் கையால் அளைந்து பிழைக்கும் இவ்வட்டாரத்து மக்களுக்கு, மருந்து செய்கிறவன் உடம்பு படும் பாட்டை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் புழுவுக்கும் மண்ணிலேயே பகைவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சணம் ஒன்று நூற்புழுவைப் பிடித்து உண்பதை ஜெர்மானியரான ஸோப் 1888-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினார். சில பூஞ்சணங்கள் பசை வலை விரிக்கின்றன. வேறு சில, மூன்றே அணுக்களால் சுருக்கு வைத்து, புழு தலை நுழைத்ததும் கண் இமைக்கும் நேரத்தில் இறுக்கிவிடுகின்றன! இன்னும் சில, முட்டையைத் துளைத்து உள்ளிருப்பதை உண்கின்றன. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நூற்புழுவுக்கு எதிராக, சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பரிந்துரைத்து வருகிறது.

நம் வீட்டில் செய்யக்கூடியது என்ன? முடிச்சு விழுந்த செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள்; எருக்குழியில் போடாதீர்கள். சித்திரை வெயிலில் மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். மக்கிய தொழுவுரத்தில் சூடோமோனாஸ் தூளைக் கலந்து, வேப்பம்பிண்ணாக்கோடு இடுங்கள். அந்த இடத்தில் உடனே தக்காளியோ கத்தரியோ வைக்காமல், ஒரு பட்டம் கேந்திப் பூச்செடி வையுங்கள். அதன் வேரிலுள்ள பொருள் நூற்புழுவுக்கு ஆகாது.

இவற்றால் புழு அடியோடு ஒழிந்துவிடாது. செடி பிழைத்துக் காய்க்கும் அளவுக்கு அடங்கும். மண்ணைக் கொல்லாமல், மருந்து செய்கிறவனையும் தெளிக்கிறவனையும் வருத்தாமல், நாலு தக்காளி குழம்புக்குக் கிடைக்குமானால் இல்லறத்தாருக்கு அதுவே போதிய வெற்றியாகும்.