ஒரகடத்தில் ஒரு கட்டடம் சரிந்தால் மோப்ப நாய் எங்கிருந்து வரும்?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. காஞ்சிபுரம் மாவட்டம் மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தனர். 27 பேர் மீட்கப்பட்டனர். மூன்று நாள் கழித்தும் ஒருவர் உயிரோடு வெளியே வந்தார். அந்தத் தேடலில் தேசிய பேரிடர் மீட்புப் படையின் மோப்ப நாய்களும் இருந்தன.

மௌலிவாக்கத்திலிருந்து ஒரகடம் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். ஃபேக்டரி ஷெட், தொழிலாளர் விடுதி, அடுக்குமாடி என இந்தப் பக்கம் கட்டுமானம் நிற்பதே இல்லை. அதனால் இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நாய் எதைத் தேடுகிறது?

நம் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றின் வாசனை காற்றில் கூம்பு மாதிரி விரிந்து பரவும். நாய் அந்தக் கூம்பின் விளிம்பைப் பிடித்து, வாசனை அடர்த்தியாகும் பக்கமாகப் போகும்.

இதில் மூன்று வகை உண்டு. தொலைந்தவரின் துணியை மோந்து அவர் நடந்த வழியே போகும் நாய் ஒன்று. யாருடைய வாசனை என்று பார்க்காமல், அந்த இடத்தில் மனித வாசனை இருக்கிறதா என்று காற்றில் தேடும் நாய் இன்னொன்று. மூன்றாவது, உடல்களைத் தேடும் நாய். 2025 பிப்ரவரியில் தெலங்கானா எஸ்எல்பிசி சுரங்க விபத்துக்குப் பிறகு, கேரள போலீஸின் மாயா, மர்பி என்ற இரு நாய்கள் அங்கே போனது இந்த வேலைக்குத்தான்.

இடிபாட்டில் எப்படி வேலை செய்யும்?

முதலில் ஜேசிபியை நிறுத்த வேண்டும். புகை, சத்தம், கூட்டம் மூன்றுமே நாய்க்கு இடைஞ்சல். இடுக்கு வழியாக வாசனை மேலே வரும் இடத்தில் நாய் நின்று குரைக்கும். உடனே தோண்ட மாட்டார்கள். இரண்டாவது நாயை விட்டு உறுதி செய்வார்கள்.

2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது நடந்ததும் இதுதான். இந்தியக் குழுவின் ஜூலி குரைத்தது, ரோமியோ உறுதி செய்தது. 6 வயதுச் சிறுமி உயிரோடு மீட்கப்பட்டாள்.

நம்ம ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல். மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. அதனால் கொஞ்ச நேரம் வேலை, பிறகு ஓய்வு என்று மாற்றி மாற்றித்தான் விட வேண்டும்.

தன்னார்வலர்கள் செய்ய முடியுமா?

பிரிட்டனில் செய்கிறார்கள். 1965-ல் ஸ்காட்லாந்தில் மலையேற்ற வீரர் ஹேமிஷ் மெக்கின்னஸ் தொடங்கிய தேடல் நாய் சங்கம் இன்றும் பல கிளைகளாக இயங்குகிறது. வேறு வேலை பார்ப்பவர்கள், சொந்த நாயோடு, சம்பளம் இல்லாமல் வருகிறார்கள். ஆனால் சும்மா பெட் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட முடியாது. பல மாதப் பயிற்சி, அதன்பின் தேர்வு. போலீஸ் அழைத்தால் மட்டுமே களம். தானாகக் கிளம்பி வருபவர், இருக்கும் தடயத்தையும் மிதித்துவிடுவார்.

இந்தியாவில் இந்த வேலை பெரும்பாலும் சீருடைப் படைகளின் கையில்தான் இருக்கிறது. ஒரகடத்துக்கு ஒரு நல்ல விஷயம், மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் பக்கத்திலேயே அரக்கோணத்தில் இருக்கிறது. ஆனால் அதே படை கேரளா உள்ளிட்ட பக்கத்து மாநிலங்களுக்கும் ஓட வேண்டியிருக்கிறது. படை வந்து சேரும் வரையிலான நேரம், அங்கே ஏற்கெனவே நிற்பவர்களின் கையில்தான்.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

112-க்கு அழைக்கலாம். கூட்டத்தை விலக்கலாம். ஒருவர் காணாமல் போயிருந்தால், அவர் கடைசியாகப் போட்ட துணியைத் துவைக்காமல், பலர் கை படாமல் தனியாக எடுத்து வைக்கலாம். புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒரு பட்டியல். மௌலிவாக்கத்தில் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே ஆரம்பத்தில் தெளிவாகத் தெரியவில்லை. வெளியூரிலிருந்து கான்ட்ராக்டில் வந்தவர்கள் பலர். உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்று நாய் சொல்லும். இன்னும் எத்தனை பேர் பாக்கி, தேடலை எப்போது நிறுத்தலாம் என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது கேட்டில் இருக்கும் வருகைப் பதிவேடு. ஒவ்வொரு ஷிப்டிலும் அதைச் சரியாக எழுதி வைக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை.