வினாப்பட்டியலையும் சோதித்தல் வேண்டும்

ஓர் ஆய்வின் முடிவு பிழையாகுமானால் முதலில் பழிக்கப்படுபவர் களப்பணியாளர்; அடுத்து, உண்மையை மறைத்தனர் என்று மக்கள். இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் வினாப்பட்டியலை ஐயுறுவோர் சிலரே. எடையிடுமுன் தராசைச் சரிபார்க்கும் வணிகனின் எச்சரிக்கை, மக்கள் வாழ்வை அளப்போருக்கும் தேவையாகும்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேரளத்தின் சித்தூர் வட்டத்திற்குள் செல்லும் வழியில் கோபாலபுரம் என்னும் எல்லையூர் உள்ளது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இத்தகைய ஊரில், “சென்ற ஆண்டு எவ்வளவு நெல் விளைந்தது?” என்று ஒரு பணியாளர் வினவுவதாகக் கொள்வோம். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நமது ஆவணியில், தொடங்குகிறது. அலுவலகங்கள் கணக்கிடும் வேளாண்மை ஆண்டோ ஜூலை முதல் ஜூன் வரை. அண்டை வீட்டார் இருவர் வெவ்வேறு பன்னிரண்டு மாதங்களை மனத்திற்கொண்டு விடையளித்தால், இருவரும் உண்மையே கூறியவராவர்; பிழை வினாவினுடையது.

வினாப்பட்டியலின் நம்பகத்தன்மையை அறியப் பழகிய முறைகள் சில உண்டு. அதே மக்களிடம் சிறிது காலம் கழித்து மீண்டும் வினவி, இரு விடைகளையும் ஒப்பிடுவது ஒன்று. வினாக்களை இரு பாதியாகப் பிரித்து ஒப்பிடுவது மற்றொன்று. க்ரான்பாக் என்னும் அமெரிக்க உளவியலார் 1951இல் விளக்கிய ஆல்ஃபா கெழு மூன்றாவது. ஒரே மனப்பான்மையை அளக்கும் வினாக்கள் தம்முள் எவ்வளவு ஒத்திசைகின்றன என்பதை அது காட்டும்.

ஆல்ஃபா 0.7ஐத் தாண்டிவிட்டால் பணி முடிந்தது என்னும் எண்ணம் இன்று பரவலாக உள்ளது. இது போதாது. வினாக்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.2 மட்டுமே ஆயினும், வினாக்கள் 10 இருந்தால் ஆல்ஃபா ஏறத்தாழ 0.71 ஆகும், வினாக்களை 20 ஆக்கினால் 0.83 ஆக உயரும். வினாக்கள் மேம்படவில்லை, பெருகின, அவ்வளவே. மேலும், ஒத்திசைவு வேறு, உண்மை வேறு. நாள்தோறும் பத்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம் ஒழுங்கானதே. ஆயினும் அதனை நம்பியவர் இரயிலைத் தவறவிடுவார்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்களின் உணவு நுகர்வைக் கடந்த 30 நாள்களுக்குக் கேட்டு வந்தது. மகலனோபிசும் சென்னும் 1954இல் வெளியிட்ட ஆய்வு, நுகரும் பொருளை நேரில் எடையிட்டுச் சோதித்து, 7 நாள் கணக்கைவிட 30 நாள் கணக்கே உண்மைக்கு அணித்தாக இருப்பதைக் காட்டியிருந்தது. பின்னர், 1994 முதல் 1998 வரை நடந்த சுற்றுகளில் இருவகைப் படிவங்கள் வெவ்வேறு குடும்பங்களுக்கு அளிக்கப்பட்டன. ஒன்றில் பழைய 30 நாள். மற்றொன்றில் உணவுக்கு 7 நாள், துணி, கல்வி முதலியவற்றுக்கு 365 நாள். புதிய படிவத்தின்படி வறியோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! எவருடைய உலையிலும் ஒரு பிடி அரிசி கூடவில்லை. மாறியது வினா மட்டுமே. 1999–2000 சுற்றில் 7 நாள், 30 நாள் ஆகிய இரண்டையும் ஒரே குடும்பத்திடம் அருகருகே கேட்டனர். ஒரு விடை மற்றொன்றைப் பாதித்திருக்கும் என்று அறிஞரிடையே நெடிய வாதம் எழுந்தது. எண்ணைக் கொண்டே உதவி பெறுவோரை வகுக்கும் நாட்டில், இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று.

ஆகவே, ஆய்வு தொடங்குமுன் சில வீடுகளில் வினாவை வாசித்து, அதனை எவ்வாறு பொருள் கொண்டார் என்று விடையளிப்பவரையே சொல்லச் செய்தல் நலம். “சென்ற ஆண்டு” என்பதற்கு மாறாக, “கடந்த ஆவணி முதல்” என்று வரையறுத்துக் கேட்கலாம். மகலனோபிஸ் வகுத்த முறைப்படி, ஒரே பகுதியில் இரு குழுவினர் தனித்தனி மாதிரிகளைக் கொண்டு ஆய்ந்து, இரு முடிவுகளையும் வெளியிடுதல் வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையே முடிவின் உறுதியைக் கூறிவிடும்.

இவற்றிற்கு நாளும் பொருளும் செலவாகும் என்பது மெய்யே. எனினும், கணக்கெடுப்புக்குச் செல்லும் ஆசிரியர் மறுவருகையைத் தம்மீது கொண்ட ஐயமாகக் கருத வேண்டியதில்லை. அங்கே தேர்வு எழுதுவது அவரன்று, வினாப்பட்டியலே.