மார்க்கை அளந்தால் போதுமா?

பிளஸ்-2 "ரிசல்ட்" வந்துவிட்டால் தஞ்சை பழைய பஸ் நிலையத்தில் ஒரே பேச்சுதான். "உன் மகன் எத்தனை மார்க்? என்ன படிக்கப் போறான்?"

மார்க்கை அளக்கிறார்கள், சரி. அந்தப் பிள்ளையை ஒரு தொழில் பக்கம் தள்ளிவிடுவது எது? அதை அளக்க வேண்டாமா?

கும்பகோணத்து ராமானுஜன் கதை ஊர் அறிந்தது. ஜவுளிக்கடை குமாஸ்தா மகன். கணக்கில் புலி! மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை போய்விட்டது. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். கைக்கு வந்த ஒரு கணக்குப் புத்தகம், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் போல தூக்கிவிட்ட சிலர், 1913-ல் பேராசிரியர் ஹார்டிக்குப் போட்ட கடிதம்... இவைதான் அவரைக் கரை சேர்த்தன. புத்தகமும் கிடைக்காமல், கைதூக்க ஆளும் இல்லாமல் போன பிள்ளைகள் எத்தனை பேரோ!

அடுத்தது பிறந்த வீடு. 1953-ல் ராஜாஜி அரசு, அரை நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தது. "குலக்கல்வி" என்று நாடே கொதித்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

திட்டம் போச்சு. "நமக்கு எதுக்குடா அந்தப் படிப்பெல்லாம்?" என்ற பேச்சு போச்சா?

டெல்டாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. தண்ணீர்! மேட்டூர் அணையைத் திறக்கும் நாள் ஜூன் 12. கல்லூரிக்குப் பணம் கட்டுவதும் அந்த நாட்களில்தான். விதைநெல்லுக்கும் பீசுக்கும் ஒரே மடிதான். 2023-ல் அணையைத் திறந்தும் போதிய தண்ணீர் இல்லாமல் குறுவை கருகியது. 2024-ல் ஜூலை 28-ந்தேதிதான் அணை திறந்தது. அந்த வருடங்களில் ஆசைப்பட்ட படிப்பை விட்டுவிட்டு, கட்ட முடிந்த படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

பணமும் பஸ்சும் பாதையை மாற்றும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம், 2021-ல் பெண்களுக்கு இலவச பஸ், 2022-ல் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், வழிகாட்ட "நான் முதல்வன்". எல்லாம் நல்லதுதான்.

எந்த மருந்து எந்த ஊரில் வேலை செய்தது என்று தெரிய வேண்டாமா?

பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஐந்தே கேள்வி கேட்கலாம். இந்தப் படிப்பை யார் சொன்னார்கள்? வீட்டில் பணம் இருந்ததா? கல்லூரி எத்தனை மைல்? பெண் என்று யாராவது தடுத்தார்களா? வேறு ஆசை இருந்ததா?

மூன்று வருடம் கழித்து அதே பிள்ளையை மறுபடி கேட்க வேண்டும். முதல் தடவை ஆசை தெரியும். இரண்டாவது தடவை உண்மை தெரியும். பெயரை வெளியே சொல்லாமல், கணக்கை மட்டும் ஊருக்குச் சொன்னால் போதும்.

மண்ணைப் பரிசோதித்துவிட்டு உரம் போடு என்று விவசாயிக்குச் சொல்கிறார்கள்.

வயலுக்கு உள்ள அந்த அக்கறை, பெற்ற பிள்ளைக்கு வேண்டாமா?