கல்லு மாதிரி டயர்

"டயர்னா டயர்தான் சார், எல்லாமே ரப்பர்தானே?" இதைச் சொல்லாத கார்க்காரரை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சீட் கவருக்கும், டேஷ்போர்டில் பதிக்கும் பெரிய திரைக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர், டயர் மாற்றும் நாள் வந்ததும் சிக்கனத்தின் திருவுருவமாகிவிடுகிறார். நாலு டயர் வேண்டும். எது விலை குறைவோ அது. பட்டன் ஆழமாக இருக்கிறதா, சைஸ் சரியாக இருக்கிறதா, அவ்வளவுதான் விசாரணை. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. பொறியியல் பட்டதாரிகள் நிறைந்த குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே ஞானம்தான் உலவுகிறது.

இந்த நம்பிக்கை இவ்வளவு நாள் சாகாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. காய்ந்த சாலையில் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. தார் உலர்ந்திருக்கும்போது மட்டமான டயரும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். சொல்லப்போனால், உலர்ந்த பாதையில் ஓடும் பந்தயக் கார்களுக்குப் பட்டனே இல்லாத மொட்டை டயரைத்தான் மாட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கனமழை என்பது ஐப்பசி, கார்த்திகை சமாச்சாரம். ஆக, தை மாதம் வாங்கிய மலிவு டயர் ஒன்பது மாதம் எந்தக் குறையும் காட்டாமல் ஓடுகிறது. வாங்கியவர் பத்துப் பேரிடம் சிபாரிசும் செய்துவிடுகிறார். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலில், மாதக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் நீரோடு குழைந்து சாலையில் பரவும்போதுதான் அந்த டயருக்கு முதல் சோதனையே வருகிறது. அப்போதும் கார் சறுக்கினால் பழி ரோட்டுக்கு. இல்லையென்றால் முன்னால் சட்டென்று பிரேக் போட்ட ஆட்டோவுக்கு.

பட்டனைப் பற்றிய மயக்கத்தை முதலில் கலைக்க வேண்டும். ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கைகளில் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டி நிற்கிறது. பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளங்களின் வேலை, அந்த உள்ளங்கைக்கு அடியில் சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது. அத்தோடு அவற்றின் கடமை முடிந்தது. தண்ணீர் போனபிறகும் மெல்லிய ஈரப் படலம் ஒன்று மிஞ்சும். அதைக் கிழித்துக்கொண்டு, ஜல்லியின் கண்ணுக்குத் தெரியாத முனைகளில் பதிந்து, நசுங்கி, விரிந்து பிடிக்க வேண்டியது ரப்பர்தான். அந்த ரப்பர் எதனால் ஆனது என்பதைப் பட்டன் சொல்லாது. பழைய ஹவாய் செருப்பை மாட்டிக்கொண்டு நனைந்த சிமென்ட் தரையில் நடந்தவருக்கு இது புரியும். அடியில் கோடுகள் அப்படியே இருக்கும், ஆனால் கால் நிற்காது, ஏனென்றால் ரப்பர் இறுகிவிட்டது.

இப்போது டயர் கடைக்குப் போவோம். கடைக்காரர் ஒரு மலிவு டயரை உருட்டி வந்து நிறுத்துவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு. "பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கு. அறுபதாயிரம் அசால்ட்டா ஓடும்." அவர் பொய் சொல்லவில்லை, அது ஓடும். வாங்குபவரும் தன் பங்குக்குக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கவில்லை என்று திருப்தியடைந்து, "சரிண்ணே, நாலா மாட்டிடுங்க" என்பார். டயரின் குற்றப்பத்திரிகையையே நற்சான்றிதழாக வாசித்துக் காட்டுகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். விரைவில் தேயாத ரப்பரைச் செய்வதற்கு எளிய, மலிவான வழி அதை இறுக்கமாகச் செய்வது. அப்படி இறுகிய ரப்பர் ஈரத்தில் ஜல்லி முனைகளுக்குள் இறங்காது.

நீண்ட உழைப்பு, எரிபொருள் சிக்கனம், ஈரத்தில் பிடிப்பு என்ற மூன்றையும் ஒரே டயரில் கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் தீராத தலைவலி. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ரப்பருக்கு உறுதி தர நெடுங்காலமாகக் கார்பன் கரியைத்தான் கலந்து வந்தார்கள். டயர் கருப்பாக இருப்பதே அதனால்தான். 1992இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் கரியின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்கா கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளும்போது ஆற்றலைக் குறைவாக விழுங்கி, பிரேக் பிடிக்கும்போது ஈரத்திலும் நன்றாகப் பற்றும் கலவை அது. ஆனால் சிலிக்காவுக்கும் ரப்பருக்கும் இயல்பில் ஒட்டாது. இரண்டையும் இணைக்க சிலேன் என்ற ரசாயனம் வேண்டும். கலக்கும் இயந்திரத்தில் வெப்பம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கலவை கெட்டுவிடும். நேரமும் அதிகம் பிடிக்கும். நல்ல டயரின் விலையில் கணிசமான பங்கு போவது இங்கேதான். விலையைக் குறைக்க நினைப்பவருக்குக் கைவைக்க வசதியான இடமும் இதுதான். பட்டனின் அழகில் கைவைத்தால் கடையிலேயே தெரிந்துவிடும், கலவையில் கைவைத்தால் மழை வரும்வரை தெரியாது.

விலை கூடினாலே நல்ல டயர் என்று சொல்ல வரவில்லை. பெரிய பெயர் கொண்ட கம்பெனிகளும் 'நெடுநாள் உழைக்கும்' என்று விளம்பரப்படுத்தி இறுக்கமான டயர்களை விற்கின்றன. நடுத்தர விலையில் ஈரத்தில் நன்றாக நிற்கும் டயர்களும் இருக்கின்றன. நான் சண்டை போடுவது ஒரு பிராண்டோடு அல்ல. டயரை அது ஓடும் கிலோமீட்டரால் மட்டும் அளக்கும் பழக்கத்தோடு.

எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பள்ளிக்கூட இயற்பியலே போதும். நனைந்த சாலையில் ஒரு டயரின் உராய்வுக் கெழு 0.7, இன்னொன்றின் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கார்களும் ஒரே புள்ளியில் பிரேக் பிடிக்கின்றன. முதல் கார் 36 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது நிற்க 50 மீட்டர் வேண்டும். நான் கவனிக்கச் சொல்வது அந்த 14 மீட்டரை அல்ல. முதல் கார் அசையாமல் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் சுமார் 43 கிலோமீட்டர். நேரே நிற்பது லாரியின் பின்புறமாக இருந்தால் அந்த 43 என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. இது ஏதோ மிகைப்படுத்திய கணக்கும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பர் முதல் டயர்களின் மீது ஒட்டவைத்த ஈரப்பிடிப்பு முத்திரையில், ஏ வகுப்புக்கும் எஃப் வகுப்புக்கும் இடையே 80 கிலோமீட்டர் வேகத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும் என்றே சொல்லப்பட்டது.

"நான் அறுபதுக்கு மேல போறதே இல்லையே" என்பது அடுத்த சமாதானம். அதே கெழுக்களில் 60 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 20 மீட்டரும் 28 மீட்டரும் வருகிறது. எட்டு மீட்டர் என்பது இரண்டு கார்களின் நீளம். பள்ளிக்கூட வாசலில் அந்த எட்டு மீட்டருக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

"ஏபிஎஸ் இருக்கே!" இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்க வைக்கும். இருக்கிற பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்துவதே அதன் வேலை. இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? பிரேக், ஏபிஎஸ், இஎஸ்பி என்று விற்பனைப் பிரதிநிதி அடுக்குகிற அத்தனையும் கடைசியில் அந்த நாலு உள்ளங்கை ரப்பரின் வழியாகத்தான் சாலையோடு பேசியாக வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது மலிவு டயர்க்காரருக்கும் நல்ல டயர்க்காரருக்கும் பொது. 1963இல் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் ஹார்னும் டிரெஹரும், விமானச் சக்கரங்கள் ஓடுபாதைத் தண்ணீரின் மேல் மிதந்துவிடும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. தண்ணீரை வெளியேற்றப் பட்டன் இல்லாமல் தேய்ந்துபோன கார் டயருக்கு அதைப் போட்டுப் பார்த்தால், 32 காற்று இருக்கும்போது சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். 22க்கு இறங்கியிருந்தால் 78 கிலோமீட்டரிலேயே தரையை விட்டுவிடும். தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென்று பஞ்சாக லேசானால், அதுதான் இது. பெட்ரோல் பங்கில் அஞ்சு நிமிடம் வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு நாம் இழப்பது இந்தப் பதினாறு கிலோமீட்டர்.

மலிவு விலையில் இன்னொரு கண்ணியும் உண்டு. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த டயர் தள்ளுபடியில் வருவது சகஜம். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே ரப்பர் இறுகிக்கொண்டிருக்கும். பட்டன் மட்டும் புத்தம் புதிதாக மின்னும். தேய்ந்த கார் டயரில் சூட்டுக் கத்தியால் கோடு வெட்டி விற்பதைப் பற்றி எழுதக்கூட எனக்கு இஷ்டமில்லை. அதை வாங்குவதைவிடப் பஸ்ஸில் போகலாம்.

காசு முட்டுகிறது, இரண்டு டயர்தான் இப்போது மாற்ற முடியும் என்பவரிடமும் ஒரு தப்பு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன் சக்கரம்தான் இழுக்கிறது, திரும்புகிறது, எனவே புதுசை முன்னால் போடு என்பார்கள். புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும் என்பதே டயர் கம்பெனிகளின் பரிந்துரை. ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராக ஓடும். பயத்தில் ஆக்சிலரேட்டரை விடுவோம், வேகம் குறைந்து பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழலும். அதைச் சமாளிக்கும் கைப்பழக்கம் நம் டிரைவிங் ஸ்கூல்களில் கற்றுத்தரப்படுவதில்லை.

இனி கணக்கு. நல்ல டயருக்கும் மட்டமானதற்கும் டயருக்கு 1,500 ரூபாய் வித்தியாசம் என்றால் நாலுக்கு 6,000. 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 15 பைசா. இன்றைய பல கார்களில் ஒற்றை ஹெட்லைட்டை மாற்றும் செலவு இந்த ஆறாயிரத்தைத் தாண்டிவிடும்.

இந்தப் பதினைந்து பைசாவையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டிய கால் டாக்ஸி ஓட்டுநரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தவணை, டீசல், கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதில் அவர் டயர் வாங்குகிறார். அறுபதாயிரம் ஓடும் என்பது அவருக்கு வெட்டிப் பெருமையல்ல, ஜீவனம். திட்ட வேண்டியது இந்தத் தகவலை அவருக்கும் நமக்கும் எட்டாமல் வைத்திருக்கும் ஏற்பாட்டை. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரில் கார் ஓட்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. ஈரத்தில் குறைந்தபட்சப் பிடிப்பு வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கும், 2023 ஏப்ரல் முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கும். நல்லது. ஆனால் எல்லையை மயிரிழையில் தாண்டிய டயரும், அமோகமாகத் தாண்டிய டயரும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே கருப்பாக நிற்கின்றன. வாங்குபவர் கையில் இருக்கும் கருவி கட்டைவிரல் ஒன்றுதான். ஐரோப்பாவில் இப்போது ஏ முதல் இ வரை ஓர் எழுத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிட வைத்த அரசுக்கு, டயரில் ஓர் எழுத்தை ஒட்ட வைப்பது முடியாத காரியமல்ல.