'ப்ரோ, இது பெய்டா?' - ரீல்ஸ் ரிவ்யூக்களுக்கு சட்டம் என்ன சொல்கிறது?

"இங்க ஒருமுறை சாப்பிட்டா வேற எங்கேயும் போக மாட்டீங்க மக்களே!" காலையில் போனை எடுத்ததில் இருந்து இப்படி எத்தனை ரீல்ஸ் கண்ணில் படுகின்றன? எது நிஜ ரிவ்யூ, எது காசு வாங்கிக்கொண்டு போட்டது? கமென்ட்டில் 'ப்ரோ, பெய்டா?' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆனால், அதை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதுதான் விதி.

என்ன மாறியது?

முன்பு புதுக் கடை திறந்தால் நோட்டீஸ் அடிப்பார்கள், பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்கள். பெரிய நிறுவனம் என்றால் பி.ஆர் ஏஜென்சி மூலம் பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு போகும். இப்போது அதே பட்ஜெட்டில் ஒரு பங்கு இன்ஃப்ளூயன்ஸர்களுக்குப் போகிறது. காரணம் சிம்பிள். விளம்பரத்தை ஸ்கிப் செய்யும் நாம், தெரிந்தவர் சொன்னால் கேட்போம். நிறுவனங்கள் விலை கொடுப்பது அந்த நம்பிக்கைக்குத்தான்.

விதி என்ன?

விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பான 'ஆஸ்கி', 2021 ஜூன் முதல் இன்ஃப்ளூயன்ஸர் பதிவுகளில் விளம்பர லேபிளைக் கட்டாயமாக்கியது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது.

அதன்படி, பணம் மட்டும் கணக்கில்லை. இலவசப் பொருள், ஓட்டல் தங்கல், டூர், தள்ளுபடி, நிறுவனத்துடன் குடும்ப உறவு... எது இருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. வீடியோ என்றால் திரையிலும் காட்ட வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். லைவ் என்றால் முழு நேரமும் தெரிய வேண்டும். பயன்படுத்தியே பார்க்காத பொருளைப் பரிந்துரைக்கவும் கூடாது.

மீறினால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைப்பவர் விளம்பரத்தில் தோன்ற ஓராண்டு வரையும், மறுபடியும் சிக்கினால் 3 ஆண்டுகள் வரையும் தடை விதிக்கலாம். பொருளைப் பற்றி உரிய முறையில் விசாரித்துவிட்டுத்தான் பேசினார் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம்.

'ஃப்ரீயா தானே வந்துச்சு' என்றும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில் அமலான வருமான வரி விதிப்படி, ஓராண்டில் ஒரு நிறுவனம் தரும் பொருள், சலுகைகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% டி.டி.எஸ் உண்டு. போனை ரிவ்யூ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் இந்த வரி இல்லை.

அப்புறம் ஏன் மறைக்கிறார்கள்?

லேபிள் போட்டால் பார்ப்பவர்கள் நகர்ந்துவிடுவார்கள் என்ற பயம்தான். கொட்டும் ரீல்ஸ் மழையில் ஒவ்வொன்றையும் கண்காணிப்பதும் நடக்கிற காரியமில்லை. விளைவு, உண்மையைச் சொல்பவருக்கு வ்யூஸ் குறைகிறது, மறைப்பவருக்கு லாபம். அவர்களுக்குக் காசு கொடுக்க முடியாத தெருமுனை மெஸ், எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் ஃபீடில் வருவதில்லை.

ஏமாற்று விளம்பரம் என்று தோன்றினால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்கு முன், ஆர்டர் பட்டனைத் தொடும்போதே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இந்த வீடியோவுக்குச் செலவு செய்தது யார்?